அம்பாசிடர் மார்க் 2-ஐப் புதுப்பித்தல்: எதை அப்படியே விடுவது, எதை மாற்றுவது? முழுமையான வழிகாட்டி

பழைய கார் ஒன்றை எடுத்துப் புதுப்பிக்க ஆசைப்படுபவருக்கு நம் நாட்டில் அம்பாசிடரைவிட வசதியான வண்டி கிடையாது. இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு சீரிஸ் 3-ஐ அடிப்படையாக வைத்து, கல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1950-களின் கடைசியில் தயாரிக்கத் தொடங்கிய வண்டி இது. தயாரிப்பு 2014 மே மாதம்தான் நின்றது. இத்தனை வருடத்தில் கிரில் மாறியது, டேஷ்போர்டு மாறியது, என்ஜின், கியர், பிரேக், சீட் எல்லாம் மாறின. உடம்பின் அடிப்படை வடிவம் மட்டும் மாறவே இல்லை. அதனால், 1968-இல் வந்த ஒரு மார்க் 2-க்கு ஏதாவது முன்னேற்றம் வேண்டுமென்றால், பெரும்பாலும் பின்னால் வந்த அம்பாசிடரிலேயே அதற்கான பாகம் கிடைத்துவிடும். வேறு கம்பெனி வண்டியிலிருந்து பிடுங்கிப் பொருத்த வேண்டிய அவசியம் குறைவு.

இந்த வழிகாட்டியை முழுக்க மார்க் 2-ஐ வைத்தே எழுதுகிறேன். 1960-களின் தொடக்கத்திலிருந்து 1975 வரை வந்த மாடல் அது. கட்டம் போட்ட கிரில், ஸ்டீயரிங் ராடில் கியர், முன்னால் ஒரே நீளமான சீட். உங்களிடம் ஃபியட்டோ ஸ்டாண்டர்டு ஹெரால்டோ இருந்தாலும் யோசிக்கும் முறை இதேதான்.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாளைக்குக் கழற்றிவிட்டுப் பழையதைத் திருப்பிப் போட முடியுமென்றால், அந்த மாற்றத்தைத் தயங்காமல் செய்யலாம். தகட்டை வெட்ட வேண்டும், துளை போட வேண்டும் என்றால் செய்யக் கூடாது. உயிரைக் காக்கிற விஷயங்களில் மட்டும் இதற்கு விலக்கு உண்டு.

உலக அளவில் பழைய வாகனச் சங்கங்களின் கூட்டமைப்பான ஃபீவா 2013-இல் வெளியிட்ட டுரின் சாசனமும் இதை ஒட்டித்தான் பேசுகிறது. மாற்றம் கண்ணை உறுத்தாமல் இருக்க வேண்டும், திருப்ப முடிய வேண்டும், கழற்றிய அசல் பாகங்களை வண்டியோடு பாதுகாக்க வேண்டும் என்கிறது அது.

முதலில் ஆர்சி புக்

ஸ்பானரை எடுப்பதற்கு முன் ஆர்சி புக்கை எடுங்கள். வண்டி எந்தப் பதிவில் இருக்கப் போகிறது என்பதைப் பொறுத்துத்தான் மற்ற முடிவுகள் எல்லாம்.

இரண்டு வழிகள் இருக்கின்றன. சாதாரணப் பதிவை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டு, நினைத்தபோது ஓட்டுவது ஒன்று. 2021 ஜூலையில் மத்திய அரசு கொண்டுவந்த விண்டேஜ் பதிவு இன்னொன்று. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த, வாடகைக்கு ஓடாத வண்டிக்கு இது கிடைக்கும். எண் பலகையில் மாநில எழுத்துகளுக்கு அடுத்து ‘விஏ’ என்று வரும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000 ரூபாய் என்று அந்த விதிகள் கட்டணம் நிர்ணயித்தன. பதிவு 10 ஆண்டு செல்லும். மார்க் 2 வண்டிகள் வயதுக் கணக்கில் இதற்குள் வந்துவிடும்.

ஆனால் விண்டேஜ் பதிவு வாங்கிய வண்டியை அன்றாடம் ஓட்டக் கூடாது. கண்காட்சி, ராலி, தொழில்நுட்ப ஆய்வு, பெட்ரோல் போடுவது, பழுதுபார்ப்பது போன்றவற்றுக்குத்தான் சாலையில் இறக்கலாம். வண்டி அசல் வடிவில் இருக்க வேண்டும், சேஸி, பாடி ஷெல், என்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது என்றும் விதி சொல்கிறது. ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு கோயிலுக்குப் போகவும், வருடத்துக்கு ஒருமுறை ஊருக்குப் போகவும் வண்டி வேண்டும் என்பவருக்கு இது சரிப்படாது.

சாதாரணப் பதிவிலும் கண்டபடி கை வைக்க முடியாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுப்படி, ஆர்சியில் உள்ள விவரங்கள் கம்பெனி முதலில் குறித்ததிலிருந்து மாறிப்போகும்படி வண்டியைத் திருத்தக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது.

அம்பாசிடர்காரர்கள் அதிகம் ஆசைப்படும் மாற்றம் இங்கேதான் அடிபடுகிறது. 1990-களில் கம்பெனியே அம்பாசிடரில் இசுசு 1800 என்ஜினையும் 5 கியர் பெட்டியையும் பொருத்தியது. நல்ல என்ஜின், சந்தேகமில்லை. அதைப் பழைய மார்க் 2-இல் இறக்கினால் என்ஜின் எண் மாறுகிறது, 1489 சிசி என்பது 1817 சிசி ஆகிறது, ஸ்டீயரிங் கியர் போய் தரையில் கியர் வருகிறது. தரைத் தகட்டை வெட்டாமல் இது நடக்காது. ஆர்சி சிக்கல், வெட்டு, விண்டேஜ் தகுதி போவது என மூன்று நஷ்டம் ஒரே வேலையில். இசுசு என்ஜின்தான் வேண்டும் என்றால், கம்பெனியே அதைப் பொருத்தி விற்ற 1990-களின் வண்டி ஒன்றை வாங்கிப் புதுப்பியுங்கள். மார்க் 2-ஐ விட்டுவிடுங்கள்.

வண்டி பிறந்தபோது எப்படி இருந்தது?

எதை ஒரிஜினல் என்று சொல்கிறோம் என்று தெரியாமல் ஒரிஜினலைக் காப்பாற்ற முடியாது. ஐம்பது வருட வண்டியில் நான்கைந்து உரிமையாளர்கள் கை வைத்திருப்பார்கள். மார்க் 2-இல் மார்க் 3-இன் கிரில் இருக்கும், மார்க் 4-இன் பம்பர் இருக்கும், எல்லாமே பழசாகத் தெரிவதால் நமக்கு வித்தியாசம் பிடிபடாது.

ஆகவே பிரிப்பதற்கு முன்பே படம் எடுத்துவிடுங்கள். பானட்டுக்கு அடியில் ஒவ்வொரு குழாயும் எங்கே போகிறது, எந்த இடத்தில் கிளிப், எந்த இடத்தில் ரப்பர் புஷ், ஸ்குரூவின் தலை தட்டையா குமிழா, இதெல்லாம் படத்தில் இருக்கட்டும். சேஸி எண் பலகையையும் என்ஜின் எண்ணையும் ஆர்சியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அதே வருடத்து வண்டி வைத்திருப்பவர்கள் இரண்டு மூன்று பேரைத் தேடிப் பிடித்து, அவர்கள் வண்டியை நேரில் பாருங்கள். சென்னையில் மெட்ராஸ் ஹெரிட்டேஜ் மோட்டாரிங் கிளப் நடத்தும் ராலிகள் இதற்கு நல்ல இடம். அங்கே வருபவர்கள் பானட்டைத் திறந்து காட்டச் சொன்னால் சந்தோஷமாகத் திறப்பார்கள்.

கலர் கண்டுபிடிப்பது தனிக் கலை. ஆர்சியில் ‘வெள்ளை’ என்று இருக்கும், அது எத்தனையாவது பெயிண்ட் என்று யாருக்கும் தெரியாது. டேஷ்போர்டின் உள்புறம், டிக்கி கீல்களின் மடிப்பு, கதவின் உள் அட்டைக்குப் பின்னால், கண்ணாடி பீடிங்குக்கு அடியில் எல்லாம் பாருங்கள். மறுபெயிண்ட் அடிப்பவர்கள் இந்த இடங்களைத் தொடுவதில்லை. அதிலும் தெளிவாகத் தெரியவில்லை என்றால் டிக்கி மூடியின் உள்விளிம்பில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு இடம் எடுத்துக்கொள்ளுங்கள். 600 நம்பர் வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்து, நடுவில் அழுத்தமாகவும் ஓரத்தில் லேசாகவும் வட்டமாகத் தேயுங்கள். வெட்டிய மரத்தின் வளையங்களைப் போல ஒவ்வொரு பெயிண்டும் ஒரு வளையமாக வெளியே வரும். ஓரத்தில் நேற்று அடித்த வெள்ளை, அடுத்து ஒரு கிரீம், அப்புறம் சாம்பல் பிரைமர், இன்னும் உள்ளே ஒரு வெளிர்நீலம், அதற்கும் உள்ளே ஒரு பிரைமர், நடுவில் தகடு. தகட்டின் மேலுள்ள பிரைமரை ஒட்டிய வளையம்தான் வண்டி கம்பெனியை விட்டு வந்தபோது இருந்த கலர். அந்த வட்டத்தைப் பெயிண்ட் கடைக்காரரிடம் நேரில் காட்டுங்கள். செல்போன் படத்தை வைத்துக் கலர் கலக்கச் சொல்லாதீர்கள்.

இதே சமயத்தில் நல்ல நிலையில் இருக்கும் அசல் பாகங்களுக்கு ஒரு பட்டியல் போடுங்கள். மங்கிப்போன ஸ்பீடாமீட்டர் டயல், கை பட்டுத் தேய்ந்த கதவுக் கைப்பிடி, சுருக்கம் விழுந்தும் கிழியாத ரெக்சின் எல்லாம் இதில் வரும். வேலை செய்கிற அசல் பாகத்தைப் புதுசாக்க வேண்டாம். துடைத்து, எண்ணெய் போட்டு, திருப்பிப் பொருத்துங்கள். எத்தனை பணம் கொடுத்தாலும் அந்தத் தேய்மானத்தைத் திரும்ப வாங்க முடியாது.

ஒவ்வொரு பாகத்தையும் எப்படி எடை போடுவது

நான் பாகங்களை இப்படிப் பிரிப்பேன். கண்ணுக்குத் தெரிபவை: உடம்பு, கிரில், பம்பர், விளக்கு, கலர், சக்கரம். இவற்றில் மாற்றம் வேண்டாம். கைக்கும் உடம்புக்கும் தெரிபவை: ஸ்டீயரிங், கியர் லீவர், சீட், பெடல், ஹார்ன் சத்தம். உங்கள் வண்டி அம்பாசிடர் என்று கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தாலே தெரிய வேண்டும் என்பதால் இவற்றையும் முடிந்தவரை விட்டுவிடுங்கள், தேய்ந்ததை மட்டும் சரிசெய்யுங்கள். மூன்றாவது வகை, யாருக்கும் தெரியாதவை: வயர், ரப்பர், பேரிங், ரேடியேட்டரின் உள்பகுதி, வால்வு சீட், துரு தடுப்பு. இதில் தாராளமாக இருங்கள். இன்றைக்குக் கிடைக்கும் நல்ல பொருளையே போடுங்கள்.

தனி ரசனைக்கு இடமே இல்லையா? இருக்கிறது. 1960-களில் ஓர் உரிமையாளர் கடையில் வாங்கிப் பொருத்தியிருக்கக்கூடிய மேல் கேரியர், கூடுதல் பனி விளக்கு, பம்பர் மேல் குழாய் போன்றவை வண்டியின் காலத்தோடு ஒத்துப்போகும். பம்பர் போல்ட்டிலேயே பிராக்கெட் கொடுத்து மாட்டினால் கழற்றவும் எளிது. அலாய் வீலும் நீல எல்இடி பட்டையும் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் அலாய் வீலைப் பத்து நிமிடத்தில் கழற்றிவிடலாம். சன்ரூஃபுக்காக வெட்டிய கூரையை ஒன்றும் செய்ய முடியாது.

டிங்கரிங்: பணத்தை இங்கே போடுங்கள்

அம்பாசிடருக்குத் தனிச் சேஸி கிடையாது. உடம்பே சேஸி. கூரை, தரை, கதவுக்குக் கீழுள்ள பெட்டிப் பகுதி எல்லாம் சேர்ந்துதான் பாரத்தைத் தாங்குகின்றன. அதனால்தான் கூரையை வெட்டாதீர்கள் என்று அடித்துச் சொல்கிறேன், துருவையும் மேல் பூச்சில் மறைக்க விடாதீர்கள் என்கிறேன்.

துரு பிடிக்கும் இடங்கள் ஏறக்குறைய எல்லா வண்டியிலும் ஒன்றுதான். கதவுகளின் அடிவிளிம்பு, முன் தரை, ஜாக் வைக்கும் இடம், பேட்டரி தட்டு, சக்கர வளைவுகள், டிக்கியில் ஸ்டெப்னி இருக்கும் இடம். ஒரு ஸ்குரூ டிரைவரின் பிடியால் தட்டிப் பாருங்கள். நல்ல தகடு கணீரென்று சொல்லும். பட்டி நிரப்பிய இடம் மொத்தென்று சத்தம் தரும். காந்தத்தைத் துணியில் சுற்றி நகர்த்தினாலும் பட்டி உள்ள இடத்தில் அது பிடிக்காமல் நழுவும்.

டிங்கரிங் மேஸ்திரியிடம் வேலையைக் கொடுக்கும்போது மூன்றைத் தெளிவாகப் பேசுங்கள். துருப் பிடித்த தகட்டை வெட்டி எடுத்துவிட்டு அதே கனத்தில் புதுத் தகடு வைக்க வேண்டும், மேலே ஒட்டுப் போடக் கூடாது. கதவுக்குக் கீழுள்ள பகுதியை வெட்டும்போது இரண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில் திறக்கக் கூடாது. கதவு வாசலில் குறுக்கே இரும்புக் குழாய் வைத்து வெல்டு செய்த பிறகே வெட்ட வேண்டும். இல்லாவிட்டால் உடம்பு தொங்கி, அப்புறம் கதவு எந்த ஜென்மத்திலும் சரியாக மூடாது. பெயிண்ட் அடிக்குமுன் கதவுகள், பானட், டிக்கியை எல்லாம் மாட்டி, இடைவெளி சீராக இருக்கிறதா என்று நீங்கள் நேரில் பார்க்க வேண்டும்.

வெல்டு முடிந்ததும் மூடிய பெட்டிப் பகுதிகளுக்குள் மெழுகு வகைத் துரு தடுப்பானை நீளமான குழாய் வைத்து அடியுங்கள். கம்பெனி இதைச் செய்யவில்லை. செய்தாலும் வெளியே யாருக்கும் தெரியாது. வண்டியின் ஆயுளுக்கு இதைவிடப் பெரிய முன்னேற்றம் வேறு எதுவும் கிடையாது.

பிரேக், சீட் பெல்ட்

மார்க் 2-க்கு நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக், ஒரே லைன் மாஸ்டர் சிலிண்டர். எங்காவது ஒரு ஹோஸ் வெடித்தால் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் போய்விடும். அந்தக் காலச் சாலையில் மாட்டு வண்டிக்குப் பின்னால் போனபோது பரவாயில்லை. இன்றைக்குச் சென்னை ஜிஎஸ்டி நெடுஞ்சாலையில் உங்களுக்கு முன்னால் போகிற கார் ஏபிஎஸ் வைத்துச் சட்டென்று நிற்கிறது.

முதலில் இருக்கிற டிரம்மை ஒழுங்காக்குங்கள். வீல் சிலிண்டர்கள் உள்ளே அரித்திருந்தால் லேத்தில் கொடுத்து ஸ்டெயின்லெஸ் ஸ்லீவ் போடலாம். டிரம்மைக் கடைந்து, ஷூவை அதன் வளைவுக்கு ஏற்பப் படிய வைத்து, ரப்பர் ஹோஸ் மூன்றையும் புதிதாக மாற்றி, சரியாக அட்ஜஸ்ட் செய்தாலே பலர் அம்பாசிடர் பிரேக்கைப் பற்றிச் சொல்லும் குறைகளில் பெரும்பகுதி போய்விடும். அடுத்த படி, முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனி லைன் உள்ள மாஸ்டர் சிலிண்டர். பின்னால் வந்த அம்பாசிடர்களில் இது உண்டு. இதை எல்லா மார்க் 2-க்கும் நான் சிபாரிசு செய்வேன்.

முன் டிஸ்க் தேவையா? நெடுஞ்சாலையில் அடிக்கடி போகிறவர் என்றால் யோசிக்கலாம். டிஸ்க்கோடு வந்த பிந்தைய அம்பாசிடரிலிருந்து ஹப், கேலிப்பர், பூஸ்டர், மாஸ்டர் சிலிண்டர் எல்லாவற்றையும் ஒரே வண்டியின் முழு செட்டாக எடுங்கள். பாதியை ஓரிடத்தில், மீதியை வேறிடத்தில் வாங்கினால் பிரேக் பிடிக்கும் விகிதம் குளறுபடியாகும். நீங்கள் கழற்றிய டிரம் செட்டை கிரீஸ் பூசி, எண்ணெய்த் தாளில் சுற்றி வையுங்கள்.

சீட் பெல்ட்தான் நான் முதலில் சொன்ன விலக்கு. மார்க் 2-இல் பெல்ட் கிடையாது, அதைப் பொருத்தத் துளையும் வெல்டும் தேவை. இருந்தாலும் செய்யுங்கள். தகட்டில் வெறும் துளை போட்டு போல்ட் முடுக்கினால் விபத்தில் போல்ட் தகட்டைக் கிழித்துக்கொண்டு வந்துவிடும். தகட்டுக்கு அடியில் கனமான வலுவூட்டும் பட்டையை வைத்து, நட்டை அதில் வெல்டு செய்ய வேண்டும். பெயிண்டுக்கு முன்பே இதை முடித்துவிட்டால் வெளியே ஒரு போல்ட் தலை மட்டும்தான் தெரியும்.

வயரிங், டைனமோ, ஹெட்லைட்

பழைய கார் தீப்பிடித்தால் பெரும்பாலும் காரணம் வயரிங் அல்லது பெட்ரோல் ஹோஸ். அதனால் பழைய வயரிங்கைப் புனிதமாக நினைக்க வேண்டாம், முழுவதையும் மாற்றுங்கள். ஆனால் நிறம் மாறக் கூடாது. லூகாஸ் முறையில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு வேலை உண்டு: பேட்டரியிலிருந்து வரும் நேர் சப்ளை பழுப்பு, இக்னிஷன் வெள்ளை, ஃபியூஸ் வழியாகப் போகும் இக்னிஷன் சப்ளை பச்சை, ஹெட்லைட் நீலம், பார்க்கிங் மற்றும் டெயில் சிவப்பு, எர்த் கறுப்பு. எல்லாவற்றுக்கும் சிவப்பு வயரையே இழுத்துவிடும் எலக்ட்ரீஷியனிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள். பத்து வருடம் கழித்து நடுரோட்டில் நின்றால் நிறத்தைப் பார்த்துத்தான் குறையைத் தேட முடியும். வயர் கட்டை அந்தக் காலத்து மாதிரி துணி டேப்பால் சுற்றச் சொல்லுங்கள், பானட்டைத் திறந்தால் கண்ணுக்கு இதமாக இருக்கும்.

என்ஜின் ஓடும்போது மின்சாரம் தரும் பழைய டைனமோவை வைத்துக்கொள்வதா, அதே வேலையை ஐடிலிலும் செய்யும் ஆல்டர்நேட்டருக்கு மாறுவதா என்பதைக் கணக்குப் போட்டு முடிவெடுங்கள். லூகாஸ் சி40 வகை டைனமோ நன்றாகச் சுற்றும்போது தருவது 22 ஆம்பியர். 60/55 வாட் எச்4 பல்பு இரண்டும் ஹை பீமில் 120 வாட், அதாவது 10 ஆம்பியர். டெயிலும் டேஷ்போர்டு விளக்குகளும் இரண்டு மூன்று, இக்னிஷன் நான்கு, மழையில் வைப்பர் மூன்று. மொத்தம் 20-ஐ நெருங்குகிறது. சிக்னலில் ஐடிலில் நிற்கும்போது டைனமோ ஏறக்குறைய எதுவுமே தராது, பேட்டரிதான் கொடுக்கும். பகலில் மட்டும், வாரம் ஒருமுறை ஓட்டும் வண்டிக்கு டைனமோ தாராளம். ராத்திரியில் ஓட்டுவீர்கள், மின்விசிறி, ஏசி எல்லாம் வேண்டும் என்றால் ஆல்டர்நேட்டர் இல்லாமல் முடியாது.

மாறுவதற்கு முன் ஒன்றைப் பாருங்கள்: பேட்டரியின் எந்த முனை உடம்போடு எர்த் ஆகியிருக்கிறது? பழைய பிரிட்டிஷ் முறை வண்டிகளில் பாசிட்டிவ் எர்த் உண்டு. அதைத் தெரியாமல் ஆல்டர்நேட்டரை மாட்டினால் உள்ளே இருக்கும் டயோடுகள் அந்த நொடியே போய்விடும். டைனமோவின் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் கட்-அவுட் பெட்டியைக் கழற்றி எறியாமல் அதன் இடத்திலேயே விடுங்கள். உள்ளே இணைப்பை மட்டும் நேராகக் கொடுத்தால் பார்வைக்கு எதுவும் மாறியிருக்காது.

ஹெட்லைட் 7 இன்ச் வட்டம் என்பது அதிர்ஷ்டம். பல்பும் கண்ணாடியும் ஒன்றாகவே மூடிய பழைய சீல்டு பீமை எடுத்துவிட்டு, எச்4 பல்பு போடும் வட்ட ரிஃப்ளெக்டரை அதே வளையத்தில் மாட்டலாம். அப்படியே மாட்டினால் மட்டும் போதாது. அக்கால லூகாஸ் வயரிங்கில் மொத்தமே இரண்டு ஃபியூஸ்தான், ஹெட்லைட்டுக்கு ஃபியூஸே இருக்காது, முழு மின்சாரமும் டேஷ்போர்டு சுவிட்ச் வழியாகப் போகும். சுவிட்ச் தரும் சிறு மின்சாரத்தில் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடுவது ரிலே; லோ பீமுக்கும் ஹை பீமுக்கும் ஒவ்வொரு ரிலே, தனித்தனி ஃபியூஸ் வைத்து, அவற்றைப் பேட்டரிக்குப் பக்கத்தில் மறைவாகப் பொருத்துங்கள். சுவிட்ச் பிழைக்கும், வெளிச்சமும் கூடும். பிளாட்டினம் பாயிண்ட்டுக்குப் பதிலாக டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள்ளேயே அடங்கும் எலக்ட்ரானிக் இக்னிஷன் போடுவதும் இதே வகைதான். கழற்றிய பாயிண்ட்டையும் கண்டன்சரையும் டேஷ்போர்டு பெட்டியில் வையுங்கள். வழியில் எலக்ட்ரானிக் பெட்டி கைவிட்டால் அவைதான் உங்களை வீட்டுக்குக் கொண்டுவரும்.

என்ஜின், பெட்ரோல், சூடு

முதல் அம்பாசிடர்களில் இருந்த சைடு வால்வு என்ஜினை 1959-இல் மாற்றி வந்ததுதான் பிஎம்சி பி-சீரிஸ் 1489 சிசி. எளிமையான, உழைக்கிற என்ஜின். அதிக சக்தி கறக்கப் பார்க்காதீர்கள். ரீபோர், கிராங்க் கிரைண்டிங், பேலன்சிங் மூன்றையும் நல்ல லேத்தில் கொடுத்துச் சுத்தமாகச் செய்தால் போதும்.

ஆனால் இந்த என்ஜினை வடிவமைத்தபோது இருந்த பெட்ரோல் இன்று இல்லை. நம் நாட்டில் ஈயம் கலந்த பெட்ரோல் 2000-இல் நின்றுவிட்டது. எக்ஸாஸ்ட் வால்வு உட்காரும் இடத்தை அந்த ஈயம்தான் காத்துவந்தது. ஹெட்டைக் கழற்றியிருக்கும்போதே கடினப்படுத்திய வால்வு சீட்டுகளை அடித்துவிடுங்கள். இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். அது பழைய ரப்பரையும் கார்க்கையும் தின்றுவிடும், ஈரத்தை இழுக்கும், பெட்ரோல்-காற்றுக் கலவையைச் சற்று மெலிதாக்கும். டேங்கிலிருந்து கார்புரேட்டர் வரை எல்லா ஹோஸையும் எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றுங்கள், பம்ப் டயஃப்ரத்தையும் சேர்த்து. கார்புரேட்டரைச் சற்று ரிச்சாக, அதாவது பெட்ரோல் கொஞ்சம் கூடுதலாகப் போகும்படி, வைக்க வேண்டியிருக்கும். மாதக்கணக்கில் நிறுத்தும்போது பழைய பெட்ரோலை டேங்கில் ஊறவிடாதீர்கள்.

நம் ஊர் வெயிலுக்கு ரேடியேட்டர் முக்கியம். மேல், கீழ் பித்தளைத் தொட்டிகளை அப்படியே வைத்துக்கொண்டு, நடுவில் உள்ள கோரை மட்டும் கூடுதல் குழாய் வரிசையோடு கட்டித் தரச் சொல்லலாம். முன்னால் நின்று பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வீசும் பழக்கம் பல ஒர்க்‌ஷாப்பில் இருக்கிறது, விடாதீர்கள். அது இல்லாவிட்டால் என்ஜின் சரியான சூட்டுக்கு வராமலே ஓடித் தேயும்.

உள்பகுதியும் பெயிண்டும்

சீட்டின் ஸ்பிரிங்கைச் சரிசெய்து, புது ஃபோம் வைத்து, அதே தையல் வரிசையில் ரெக்சின் போடுங்கள். பழைய உறையைக் கிழிக்காமல் பிரித்துக் குஷன் கடைக்காரரிடம் கொடுத்தால் அதையே அளவாக வைத்து வெட்டுவார். முன் சீட்டை எடுத்துவிட்டு பக்கெட் சீட் வைப்பதை நான் ஏற்க மாட்டேன். அந்த நீளச் சீட்டும் ஸ்டீயரிங் கியரும் சேர்ந்ததுதான் மார்க் 2.

கார்பெட்டுக்கு அடியிலும் கூரைத் துணிக்கு மேலும் வெப்பம் தடுக்கும் விரிப்பை ஒட்டுங்கள். என்ஜின் பக்கச் சுவரில் திறந்து கிடக்கும் ஓட்டைகளுக்கு ரப்பர் அடையுங்கள். இதிலேயே பாதிச் சூடு குறையும். ஏசி வேண்டுமென்றால் டேஷ்போர்டுக்கு அடியில் தொங்கும் வகையைத் தேர்ந்தெடுங்கள், ஏற்கெனவே உள்ள ஸ்குரூ இடங்களில் பிராக்கெட் கொடுத்து மாட்டச் சொல்லுங்கள். மியூசிக் சிஸ்டத்துக்காக டேஷ்போர்டு தகட்டையோ கதவு அட்டையையோ வெட்டவே கூடாது. ஸ்பீக்கரைப் பின் சீட்டுக்குப் பின்னால் ஒரு தனிப் பெட்டியில் வைக்கலாம், ஆம்ப்ளிஃபையரைச் சீட்டுக்கு அடியில் வைத்து செல்போனோடு இணைத்துவிடலாம்.

பெயிண்டில், இரண்டு பாகமாகக் கலந்து அடிக்கும் இன்றைய 2கே பியு வகை உழைக்கும், தாராளமாக அடிக்கலாம். மெட்டாலிக் வேண்டாம், மேலே கிளியர் கோட்டும் வேண்டாம். ஒற்றைக் கலரை அடித்து பாலிஷ் போட்டால்தான் அந்தக் காலத்துப் பளபளப்பு வரும். குரோம் வேலைக்குக் கொடுக்கும்போது செம்பு, நிக்கல், அப்புறம் குரோம் என்று மூன்று பூச்சும் உண்டா என்று கேட்டு உறுதிசெய்யுங்கள். நேரடியாகக் குரோம் பூசினால் இரண்டு மழைக்காலத்தில் உரிந்துவிடும். டயர் ரேடியலாக இருக்கட்டும், இரும்பு வீலும் அதன் நடு மூடியும் அப்படியே இருக்கட்டும்.

பாகம் தேடுவது, வேலையை வரிசைப்படுத்துவது

சென்னை புதுப்பேட்டை, கோவை உக்கடம், கல்கத்தாவில் மல்லிக் பஜார் என்று பழைய பாகங்களுக்குப் பேர்போன இடங்கள் இருக்கின்றன. கையில் உங்கள் பழைய பாகத்தையே எடுத்துக்கொண்டு போங்கள். ‘அம்பாசிடருக்கு’ என்று மட்டும் கேட்டால் ஐந்து மாடலில் எதையாவது எடுத்து நீட்டுவார்கள்.

டிங்கரிங்கும் வெல்டும் முதலில். பிறகு சீட் பெல்ட் வேலை, பெயிண்ட், வயரிங், என்ஜின், பிரேக், கடைசியில் உள்பகுதி. கழற்றிய ஒவ்வொன்றையும் உறையில் போட்டு, எந்த இடம், எந்தத் தேதி, பதிலுக்கு என்ன போட்டீர்கள் என்று எழுதி ஒட்டுங்கள். அதையே ஒரு நோட்டிலும் எழுதுங்கள். மெக்கானிக்கிடமும் முதல் நாளே சொல்லிவிடுங்கள்: பழைய இரும்பு எடை போடப்படாது, எல்லாம் வீட்டுக்கு வரும்.

ஏசி, டிஸ்க், ஆல்டர்நேட்டர் போன்ற பெரிய மாற்றங்களை மட்டும் முதல் சுற்றில் செய்யாதீர்கள். தேய்மானம் இல்லாத, எல்லாம் சரியாக அட்ஜஸ்ட் செய்த மார்க் 2 எப்படி ஓடும் என்று உங்களுக்கு இன்னும் தெரியாது, தேய்ந்த மார்க் 2-ஐத்தான் ஓட்டியிருக்கிறீர்கள். முதல் 500 கிலோமீட்டரில் ஹெட் போல்ட் முறுக்கு, வால்வு இடைவெளி, பிரேக் அட்ஜஸ்ட்மென்ட், எல்லா ஹோஸ் கிளிப்பையும் மறுபடி பாருங்கள். ஆயிலையும் மாற்றிவிடுங்கள், 20டபிள்யூ-50 மினரல் ஆயில் இந்த என்ஜினுக்குப் பொருந்தும். ஒரு கோடையும் ஒரு மழையும் அப்படியே ஓட்டுங்கள். ராத்திரியில் எத்தனை முறை ஓட்டினீர்கள், எந்த இடத்தில் பிரேக் பற்றவில்லை, எப்போது சூடு முள் ஏறியது என்று நோட்டில் குறித்து வாருங்கள். அந்தக் குறிப்பை எடுத்துக்கொண்டு மெக்கானிக்கிடம் உட்கார்ந்து, எது உண்மையிலேயே தேவை என்று அப்போது பேசுங்கள்.